கைக்கெட்டும் தூரத்தில் சத்தத் திருகு

வாசகர் கேள்வி–பதில்

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் நம் பத்தியாளர் இந்த இதழிலும் பதில் சொல்கிறார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொன்னதால், கணினியின் சத்தம் பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்துத் தருகிறோம்.

கோபாலபுரத்தில் ஜாப் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன் அக்கா. வேலை நடக்கும்போது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் வந்தாலோ போன் அடித்தாலோ மவுஸைப் பிடித்து, மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தேடிக் கிளிக் செய்து, கோட்டை இழுத்துக் குறைப்பதற்குள் வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டுவிடுகிறார். பழைய கீபோர்டு, சத்தத்துக்கென்று தனி விசை கிடையாது. விண்டோஸ் 10. வேறு வழி உண்டா?

உண்டு தம்பி. எந்த மென்பொருள் நல்லது என்று தேடப் போகுமுன், வேலை நேரத்தில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைக்கு வரும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். டைப் செய்பவரின் இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும். அப்படியானால் சத்தமும் கீபோர்டுக்கு வர வேண்டும். மவுஸை எடுக்க வைக்கிற எந்த வழியும் உங்களுக்கு உதவாது.

கீபோர்டின் மேல் வரிசையில், வலது பக்கமாக, பிரிண்ட் ஸ்கிரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ் என்று மூன்று விசைகள் இருக்கும். பின்னிரண்டையும் நம் ஊர் டைப்பிங் சென்டர்களில் யாரும் வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. எக்செலில் ஸ்க்ரோல் லாக்கைத் தெரியாமல் தொட்டுவிட்டு, அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் மாறாமல் பக்கமே நகர்கிறது என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்த விசைகளுக்கு உருப்படியான வேலை கொடுத்துவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பை அவர்களுடைய ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். அதற்குள் கீபோர்டு மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை இயக்கி, ‘ரீமேப் எ கீ’ என்பதைத் திறந்தால் இடப்பக்கம் நீங்கள் அழுத்தப் போகும் விசை, வலப்பக்கம் அது செய்ய வேண்டிய வேலை. வலப்பக்கப் பட்டியலில் வால்யூம் மியூட், வால்யூம் டவுன், வால்யூம் அப் மூன்றும் இருக்கின்றன. பாஸ் விசையை மியூட்டுக்கும், ஸ்க்ரோல் லாக்கைக் குறைக்கவும், பிரிண்ட் ஸ்கிரீனுக்குக் கீழே இருக்கும் இன்சர்ட்டைக் கூட்டவும் வையுங்கள். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மியூட்தான் முக்கியம். ஆள் வந்தால் ஒரே அழுத்து, பாட்டு நிற்கும். அவர் போனதும் இன்னொரு அழுத்து, விட்ட அளவிலேயே திரும்ப வரும்.

இரண்டு எச்சரிக்கை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற எந்த விசையை வைத்திருக்கிறீர்களோ அதைத் தொடாதீர்கள், பிறகு விண்ணப்பம் பாதியில் நிற்கும். பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த மாற்றம் வேலை செய்யும் என்பதால், கணினி தொடங்கும்போது அதுவும் தானே தொடங்கும்படி அதன் செட்டிங்ஸில் வைத்துவிடுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால், சத்தத்துக்குத் தனி விசையோ மூலையில் ஒரு திருகோ உள்ள மல்டிமீடியா கீபோர்டு வாங்கிவிடலாம். பொள்ளாச்சியிலும் கிடைக்கும், பாலக்காட்டிலும் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் கணினியில் ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பத்திர நகலும் கிடக்கும். மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 11இல் இன்னொரு வசதியும் கூடவே வரும்: மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸை நிறுத்தி, கிளிக் கூடச் செய்யாமல், சக்கரத்தை உருட்டினாலே சத்தம் ஏறும், இறங்கும். விண்டோஸ் 10இல் படத்தை ஒரு தடவை கிளிக் செய்த பிறகுதான் உருட்ட முடியும்.

வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேனுங்க. புது மாடல் பிளவுஸ் வெட்டும் வீடியோக்களைப் பையனின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டே தைப்பேன். இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு பெரிய பெட்டியும் உள்ள செட். திருகு அந்தப் பெரிய பெட்டியில்தான் இருக்கிறது, பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. மிஷின் ஓடும்போது ஒன்றும் கேட்பதில்லை, நிறுத்தினால் காது அடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் குனிய முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கேட்பவரின் கைக்கு எட்ட வேண்டிய திருகை, காலடியில் வைக்கும் பெட்டியில் பொருத்தி விற்கிறார்கள். பெட்டி கீழேயே இருக்கட்டும், கனத்த ஓசைக்கு அது நல்ல இடம்தான். திருகை மட்டும் மேலே கொண்டுவருவோம்.

யூஎஸ்பி வால்யூம் நாப் என்று ஒன்று விற்கிறது. கைக்குள் அடங்கும் வட்டமான திருகு, அடியில் ஒரு ஒயர். கணினியின் யூஎஸ்பி துளையில் சொருகினால் போதும், தனி மென்பொருள் தேவையில்லை, ஏனென்றால் கணினி அதையும் ஒரு கீபோர்டு மாதிரியே எடுத்துக்கொள்கிறது. வலப்பக்கம் திருகினால் சத்தம் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். பெரும்பாலான திருகுகளை மேலிருந்து அமுக்கினால் மியூட் ஆகும். ஒயர் எட்டவில்லையென்றால் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுக்கொள்ளலாம்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் விஷயத்தில் பெரிது. தைக்கும்போது இடது கை துணியை நடத்துகிறது, அதை எடுக்க முடியாது. வலது கைதான் அவ்வப்போது மிஷினின் கைச்சக்கரத்துக்குப் போய் வருகிறது. ஆகவே கைச்சக்கரத்துக்கு அருகில், மேசைப் பலகையின் வலது ஓரத்தில், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வைத்துத் திருகை ஒட்டிவிடுங்கள். நூல் சிக்காத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள். ஒயரை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், மிதிக்கும் பெடல் பக்கம் தொங்கவே கூடாது.

இதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு. பச்சை நிறத் துளையில் சொருகும் ஸ்பீக்கர் ஒயருக்கு நடுவே இணைக்கிற, சின்னத் திருகு வைத்த ஒயர் கிடைக்கும். கடையில் 3.5 மில்லிமீட்டர் பின், வால்யூம் கன்ட்ரோலோடு என்று கேளுங்கள். மலிவு மாடல்களில் சில மாதத்திலேயே திருகும்போது கரகரவென்று ஓசை வரும், ஒரு பக்க ஸ்பீக்கர் அடங்கிப் போகும். உங்களைப் போல நாள் முழுக்கத் திருகுபவருக்கு யூஎஸ்பி திருகையே சொல்வேன்.

பெட்டியில் உள்ள பழைய திருகை எந்த அளவில் விடுவது? கணினியில் சத்தத்தை 80க்கு வைத்து, மிஷின் ஓடும்போது வீடியோ தெளிவாகக் கேட்கும்வரை பெட்டியின் திருகை ஏற்றி அப்படியே விட்டுவிடுங்கள். இனி அதைத் தொட வேண்டாம். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். கணினியில் 20 வைத்துவிட்டுப் பெட்டியை முழுசாகத் திருப்புவார்கள். அப்போது பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் மெல்லிய பாட்டோடு ஒயரில் ஏறிவரும் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். பாட்டு நின்றதும் ‘ஸ்ஸ்’ என்று கேட்பது அதுதான்.

சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியர். வகுப்பறை லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, கைட் தரும் லினக்ஸ்தான். கடைசி பெஞ்சுக்குச் சத்தம் போதவில்லை. கூட்டுவதற்குள் பாடம் ஓடிவிடுகிறது. சில நாள் புரொஜெக்டரை இணைத்ததும் சத்தமே காணாமல் போகிறது.

வணக்கம் சார். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள வாசகர்களுக்காக ஒரு வரி: கைட் என்பது கேரளப் பள்ளிகளுக்கான கணினி வசதிகளைப் பார்த்துக்கொள்ளும் அரசு நிறுவனம். உபுண்டுவை அடிப்படையாக வைத்து, பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்துத் தருகிறது. ஹைடெக் திட்டத்தில் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் போயிருக்கிறது. என் கணிப்பில் அது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை. அந்த லினக்ஸ் பழகிய பிள்ளைகள் கடைக்கு வந்து கேட்கும் கேள்விகளே வேறு தரத்தில் இருக்கின்றன.

திரையின் வலது மேல் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் திறக்க வேண்டாம். அதன் மேல் அம்புக்குறியை வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள், அல்லது டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துங்கள். பலருக்கு இது தெரியாது. அப்புறம் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போனால் ‘ஓவர் ஆம்ப்ளிஃபிகேஷன்’ என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் சத்தக் கோடு 100ஐத் தாண்டி நீளும். மெல்லிய குரலில் பதிவான பாட வீடியோக்களுக்கு அது உதவும். ஏற்கெனவே சத்தமாகப் பதிவானவற்றுக்கு வேண்டாம், குரல் உடைந்து கேட்கும்.

நீங்கள் பாடம் நடத்தும்போது லேப்டாப் பக்கத்திலேயே நிற்பதில்லை, கரும்பலகைக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருப்பீர்கள். போகிற போக்கில் குனியாமல், திரையைப் பார்க்காமல் அழுத்தும்படி இருக்க வேண்டும். செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் ஷார்ட்கட் பட்டியல், அதில் ‘சவுண்ட் அண்ட் மீடியா’ என்று போங்கள். சத்தம் கூட்ட, குறைக்க, மியூட் செய்ய என்று தனித்தனி வரிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கிளிக் செய்து, விண்டோஸ் படம் போட்ட விசையோடு கழித்தல் குறி, சமக்குறி என்று உங்களுக்குப் பிடித்ததை அழுத்துங்கள். அந்தச் சேர்க்கை வேறு வேலைக்கு ஏற்கெனவே இருந்தால் கணினியே சொல்லிவிடும், வேறொன்று தேர்ந்துகொள்ளலாம்.

புரொஜெக்டர் விஷயம் பழுது அல்ல. எச்டிஎம்ஐ ஒயர் படத்தோடு சத்தத்தையும் எடுத்துப் போகும். அதைச் சொருகியதும் கணினி சத்தத்தைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடுகிறது. அதில் ஸ்பீக்கர் இல்லையென்றாலோ அடக்கி வைத்திருந்தாலோ ஒன்றும் கேட்காது. செட்டிங்ஸில் சவுண்ட், அதில் ‘அவுட்புட் டிவைஸ்’ என்ற இடத்தில் எச்டிஎம்ஐக்குப் பதிலாக ஸ்பீக்கர் அல்லது அனலாக் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ்காரர்களுக்கும் டிவியை இணைக்கும்போது இதே கதைதான். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால் எதன் வழியாகச் சத்தம் போகிறது என்று அங்கேயே மாற்றலாம்.

எனக்குப் பார்வை இல்லை. வாளையாரிலிருந்து எழுதுகிறேன், தங்கை மகள் எழுதித் தருகிறாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை வைத்துக் கணினி பயன்படுத்துகிறேன். பாட்டுச் சத்தத்தைக் குறைத்தால் படித்துச் சொல்லும் குரலும் குறைகிறது. ஒருநாள் கை பட்டு மியூட் ஆகிவிட்டது, வீட்டில் யாரும் இல்லை. மாலைவரை கணினி எனக்கு ஊமையாகவே இருந்தது.

ஐயா, இந்த இதழில் வந்த கடிதங்களில் இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். எங்களுக்குச் சத்தம் போனால் பாட்டுதான் போகும், உங்களுக்குத் திரையே போய்விடுகிறது.

முதலில் மியூட் ஆனால் மீள்வது. கீபோர்டில் சத்தம் கூட்டும் விசையை அழுத்தினால் விண்டோஸில் மியூட்டும் விலகிவிடும். ஆகவே அந்த ஒரு விசை தடவினால் தெரிய வேண்டும். எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படுகிற சிறு மேடு இருக்குமே, அதைப் போல ஒரு மேட்டை இதிலும் உண்டாக்கிவிடுங்கள். தங்கை மகளிடம் சொல்லி நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு சொட்டு வைக்கச் சொல்லுங்கள். மியூட் விசை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதற்கு மேடு வேண்டாம்.

அடுத்து, குரலையும் பாட்டையும் பிரிப்பது. இதற்குப் பொதுச் சத்தத்தைத் தொடவே கூடாது. என்விடிஏ விசையோடு (நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் அது இன்சர்ட்) கன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு இட, வல அம்புக்குறிகளை அழுத்தினால், வேகம், சுருதி, ஒலியளவு என்று படிக்கும் குரலின் அமைப்புகள் ஒவ்வொன்றாக வரும். ஒலியளவு வந்ததும் மேல் அம்புக்குறியால் கூட்டுங்கள். இது குரலுக்கு மட்டுமே.

என்விடிஏ, ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்னொரு வசதி: குரல் பேசும்போது மட்டும் மற்ற சத்தங்கள் தானே தாழ்ந்து, பேசி முடிந்ததும் மறுபடி உயரும். திரும்பத் திரும்ப அழுத்தினால் எப்போதும் தாழ்த்து, தாழ்த்தவே வேண்டாம் என்று முறைகள் மாறும். கணினியில் நிறுவிய என்விடிஏவில்தான் இது கிடைக்கும், பென்டிரைவில் எடுத்துப் போகும் வகையில் கிடைக்காது. 2024.2 பதிப்பிலிருந்து ஒலியைப் பிரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. என்விடிஏ, ஆல்ட், எஸ் அழுத்தினால் படிக்கும் குரல் ஒரு காதுக்கும் மற்றதெல்லாம் மறு காதுக்கும் போகும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்தி படிக்க அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இதோடு ஒரு உறுதியும் தருகிறேன். இதில் ஏதாவது சரிவரவில்லை என்றால் எழுதுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாளையார் தூரமில்லை, நானே வந்து அமைத்துத் தருகிறேன்.

கல்பாத்தியில் ஆன்லைனில் வாய்ப்பாட்டு கற்றுக்கொடுக்கிறேன் அம்மா. கணினியில் தம்புரா செயலியை ஓடவிட்டுவிட்டு மாணவியை வீடியோ காலில் அழைத்தால், அவள் பேச ஆரம்பித்ததும் தம்புரா தானாகவே அடங்கிவிடுகிறது. நான் எதையும் தொடுவதில்லை.

மாமி, நீங்கள் தொடவில்லை, விண்டோஸ் தொடுகிறது. பேச்சு அழைப்பு வருவதாக அது கண்டால், பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள், சுருதி பிடித்துப் பாட வேண்டியவர்களை நினைக்கவில்லை.

ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, கீழே ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10 என்றால் அதற்குப் பெயர் ‘சவுண்ட் கன்ட்ரோல் பேனல்’. வரும் சின்னப் பெட்டியில் கடைசித் தாள் ‘கம்யூனிகேஷன்ஸ்’. அதில் ‘டூ நத்திங்’ என்பதைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். இனி தம்புரா அடங்காது.

மாணவியின் குரலும் தம்புராவும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை வால்யூம் மிக்சரில் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்தாலே மிக்சர் வரும். பாடும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் அங்கே தனிக் கோடு இருக்கும். அடிக்கடி வேண்டுமென்றால் விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், மிக்சர் மூலையிலேயே திறக்கும். மறுமுனையில் இருப்பவருக்குத் தம்புரா கேட்கவில்லை என்றால் அது வேறு விஷயம். அழைப்புச் செயலி அதை மின்விசிறிச் சத்தம்போல எண்ணி வடிகட்டுகிறது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

நெம்மாறை, கல்லூரி மாணவி. ஸ்பீக்கர் சத்தம் பத்தவில்லை. இணையத்தில் கிடைக்கும் வால்யூம் பூஸ்டர் போடலாமா அக்கா?

வேண்டாம் தங்கச்சி. கண்ட இடத்திலிருந்து இறக்கிய பூஸ்டரோடு வந்து ஒட்டிக்கொண்ட விளம்பர மென்பொருள்களைக் களைவது என் கடையில் வாரம் தவறாத வேலை. படம் பார்க்கத்தான் என்றால் விஎல்சி பிளேயர் போதும், அதன் சத்தக் கோடு 125 சதவீதம்வரை போகும். கன்ட்ரோலோடு மேல், கீழ் அம்புக்குறி அழுத்தினால் ஏறி இறங்கும். யூடியூப்பில் வெறும் மேல், கீழ் அம்புக்குறியே போதும், எம் அழுத்தினால் மியூட். யூடியூப் பெட்டியின் சொந்தச் சத்தக் கோடு பாதியில் நிற்கிறதா என்றும் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹெட்போனில் கேட்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால் என் பதில் இன்னும் கண்டிப்பானது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான அளவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலை மிஞ்சுவதற்காக ஏற்றிய அளவிலேயே இரவில் கேட்காதீர்கள்.

முதலமடை, மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர். மூலையில் இருந்த ஸ்பீக்கர் படமே காணவில்லை.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சின்னக் கூரை போன்ற குறியை அழுத்துங்கள் அண்ணா. ஒளிந்திருந்தால் அங்கே இருக்கும், மவுஸால் பிடித்து வெளியே இழுத்துப் போடுங்கள். அங்கும் இல்லை, விண்டோஸ் 10தான் என்றால் டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போய், ‘டர்ன் சிஸ்டம் ஐகான்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதில் வால்யூமை ஆன் செய்யுங்கள். அந்த சுவிட்சே மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால் சத்தத்தை இயக்கும் மென்பொருளான சவுண்ட் டிரைவரைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். பில் போடும் கணினி என்பதால், டிரைவரில் கை வைக்குமுன் கணக்கை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.